கடைசி வரிசை

பச்சைத் தடத்தின் கடைசி நிலையம் துவாஸ் லிங்க்.
அங்கிருந்து இன்னொரு பேருந்து.
அதற்கும் அப்பால் எங்கள் அலுவலகம்,
கப்பலுக்கு முன்னால் கப்பலின் காகிதம் வந்துசேரும் இடம்.

மணிக்கட்டு வீங்கிய வாரம் பாலிகிளினிக்கில் சொன்னார்கள்:
மூன்று வாரம் மவுஸைத் தொடக் கூடாது.
வலது கையில் நீலப் பட்டை.
விடுப்புக் கேட்டேன்.
இடது கை இருக்கிறதே என்றார் மிஸ்டர் டியோ.

இருந்தது.
கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு டி தட்டினால்
மேல் கட்டத்தில் இருப்பது கீழே இறங்கும்.
கண்ட்ரோலும் அரைப்புள்ளியும் சேர்ந்தால்
இன்றைய தேதி தானாக வந்து உட்காரும்,
இன்று என்ன நாள் என்று நான் நினைக்காமலே.
எஃப் டூ தட்டினால் கட்டம் வாய் திறக்கும்.
எஸ்கேப் தட்டினால் சொன்னதை விழுங்கிவிடும்.
ஆல்ட் டேப், நெருங்கிவரும் காலடிக்கு.
அது மட்டும் எனக்கு முன்பே தெரியும்.

மூன்றாம் வாரம் கணக்குப் போட்டேன்.
ஒரு கண்டெய்னருக்கு ஒன்பது நொடி மிச்சம்.
ஒரு நாளைக்கு நூற்று நாற்பது கண்டெய்னர்.
இருபத்தொரு நிமிடம்!
யாரிடமும் மூச்சு விடவில்லை.
விட்டால் அது இன்னும் இருபது கண்டெய்னராகிவிடும்.
கழற்றச் சொன்ன பிறகும்
நீலப் பட்டையைப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அந்த நிமிடங்களில் ஒன்றில்தான் விரல் தவறியது.
காலியான நெடுவரிசை, கண்ட்ரோல், கீழ் அம்பு.
இமைப்பதற்குள் தாள் விழுந்து
எங்கோ போய் நின்றது.
வரிசை எண்
பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு.
அதற்குக் கீழே கட்டமே இல்லை.
ரயிலில் தூங்கிப்போய்
ஆளில்லாத பெட்டியில் விழித்த மாதிரி இருந்தது.

சக்கரத்தை உருட்டி எவரும் இங்கே வரப்போவதில்லை.
வந்தால் மணிக்கட்டு போய்விடும்,
பட்டவள் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு வெளியே ஜோகூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
'மழை' என்று தமிழில் தட்டினேன்.
சேமித்தேன்.
மேலே திரும்பினேன்.
கண்டெய்னர் எண், எடை, முத்திரை எண்.

மறுநாள்
அந்தச் சொல்லுக்கு நேர் மேல் கட்டத்தில்
ஹூஜான்.
மலாயில் மழை.
பக்கத்துக் கட்டத்தில் 3:14,
ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால் வரும் நேரம்.

இரவு ஷிஃப்டில் யாரோ.
தமிழ் தெரிந்தவராக இருக்கலாம்.
தெரியாதவர் என்றால்
என் சொல்லை நகலெடுத்து
வேறெங்கோ கொண்டுபோய் ஒட்டி
பொருள் கேட்டு
இத்தனை ஆழம் மறுபடி இறங்கி வந்திருக்க வேண்டும்.
அவருக்கும் எங்கிருந்தோ
ஒரு இருபத்தொரு நிமிடம்.

பிறகு பசி எழுதினேன், லாப்பார் வந்தது.
தூக்கம் எழுதினேன்,
நாலு நாள் ஒன்றுமில்லை,
ஐந்தாம் நாள் மெங்காந்தோக், 4:52.

காலை ஏழு மணிக்கு லிஃப்டிலிருந்து
ஆறு பேர் வெளியே வருவார்கள்.
ஒருவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியிருப்பார்.
ஒருத்தி மைலோ பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டே போவாள்.
விரல்களைப் பார்க்கக் கூடாது என்றிருக்கிறேன்.
பார்க்கிறேன்.

வியாழக்கிழமை மிஸ்டர் டியோ
அந்தத் தாளுக்கு பிரிண்ட் கொடுத்தார்.
இருபதாயிரத்துச் சொச்சம் பக்கம் என்றது இயந்திரம்.
நாற்பது பக்கம் வரைக்கும் பொறுமையாக நின்று பார்த்தார்.
பிளக்கைப் பிடுங்கினார்.
வைரஸ் என்றார்.
பிறகு என்னைக் கூப்பிட்டார்.

சரி பண்ணிவிடுகிறேன் என்றேன்.
கண்ட்ரோல், கீழ் அம்பு.
எங்கள் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன.
ஷிஃப்டைப் பிடித்து மொத்தமும் தேர்ந்தேன்.
டெலீட் விசைமேல் மோதிர விரல்.

எஸ்கேப்.

அச்சிடும் எல்லையை மட்டும்
முந்நூறாவது வரிசையோடு முடித்துவைத்தேன்.
மிஸ்டர் டியோ தலையாட்டிவிட்டுப் போனார்.
அவர் காலடி தேயும் வரை
கண்டெய்னர்களைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு
மறுபடி இறங்கினேன்.
எங்கள் சொற்களுக்கு மேலே இன்னும்
பத்து லட்சம் கட்டம் காலியாகக் கிடந்தது.